பினாரியோ

பதினொன்று பத்துக்கு அவள் அவனுக்குப் போன் பண்ணினாள். அச்சகத்தில் ஏழாம் வகுப்புப் புவியியலின் இரண்டாம் மெய்ப்பு அப்போதுதான் அவள் மேசையை விட்டுப் போயிருந்தது. அடுத்த கட்டு வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இடைவெளியில் ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

"எடுத்தாச்சு."

"எதை?"

"ரோம் டு ஃப்ளாரன்ஸ். ரெண்டு சீட்டு. ஜன்னல் எனக்கு."

"அதானே, உனக்கில்லாம யாருக்கு? சரி புள்ளி, பீசா?"

புரூஃப் ரீடர் என்பதால் அவன் அவளுக்கு வைத்த பெயர் புள்ளி. கல்யாணமான புதிதில் முற்றுப்புள்ளி என்று நீளமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் தேய்ந்து இவ்வளவுதான் மிச்சம்.

"பீசா கிடையாது."

"ஏன்?"

"எட்டு நாள், மூணு ஊரு. இதுல அரை நாளைத் தின்னுட்டு ஒரு கோணல் கட்டடத்தைப் போய்ப் பார்க்கணுமா? நீங்க அடிச்ச அலமாரியைப் பார்த்தா ஆகாதா?"

"அலமாரி நேராத்தான் இருக்கு. சுவர்தான் கோணல்."

"இதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க?"

"சுவரை இடிக்கிற வரைக்கும்." வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். "இங்க பாரு. இருபத்திரண்டு வருஷமா தூக்குக் குண்டு தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரு நூல் சாஞ்சாக்கூட மனசு ஆறாத ஆளு நான். அது எண்ணூறு வருஷமா வெட்கமே இல்லாம சாஞ்சுக்கிட்டு நிக்குது. அது மூஞ்சியை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம். இதைக் கேளுங்க. அங்க எந்தப் பிளாட்பாரம்னு கடைசி நிமிஷத்துலதான் போர்டுல போடுவானாம். பினாரியோன்னு இருக்கும், பக்கத்துல நம்பர். அதைப் பார்த்துட்டு ஓடணும்."

"என்ன ரியோ?"

"பினாரியோ. பிளாட்பாரம்னு அர்த்தம்."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. சும்மா இருப்பானா? ஸ்டேஷன் அறிவிப்பாளர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பினாரியோ! பினாரியோ நம்பர் நாலு!" என்று ஒரு கத்துக் கத்தினான். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது அவள் காதுவரை கேட்டது.

"யோவ், கத்தாதய்யா. ஆளுங்க இருக்கப் போறாங்க."

"இங்க யாரு இருக்கா? ஆறாவது மாடிப் படியில நானும் ஒரு பன்னும்தான். சரி, சாயங்காலம் பேசி முடிவு பண்ணலாம்."

"முடிவு பண்ணியாச்சு."

"பண்ணலே," என்று சொல்லிப் போனை வைத்தான்.

பன்னிரண்டரைக்கு அவன் கம்பெனியிலிருந்து வேறொரு குரல் கூப்பிட்டது.

*

அவன் லிஃப்ட் மெக்கானிக். இத்தாலி அவர்களுக்கு வந்தது பாடப்புத்தகத்தின் வழியாக. நாலு பதிப்பாக அவள் அதே புவியியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். நாலு பதிப்பிலும் இத்தாலி பூட்ஸ் வடிவத்தில் இருக்கிறது என்ற வரி வரும், நாலு பதிப்பிலும் பூட்ஸுக்கு ஒற்று விடுபட்டு பூட் ஆகியிருக்கும். நாலாவது தடவை அவள் வீட்டுக்கு வந்து புலம்பியபோது, "நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து ஒத்தையா ஜோடியான்னு எழுதிடு" என்றான் அவன். விளையாட்டாகச் சொன்னதுதான். மறுநாளே பிள்ளையார்சுழி போடாத குறையாக ஒரு பழைய மெய்ப்புத் தாளின் முதுகில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான்.

ரோம் மூன்று நாள், ஃப்ளாரன்ஸ் மூன்று நாள், வெனிஸ் இரண்டு நாள். ரயில் அவள் பொறுப்பு, தங்கும் அறை அவன் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒப்பந்தம், ஏனென்றால் நுழைத்தால் வீடு ரெண்டுபடும் என்று இருவருக்கும் தெரியும். நடுக் கட்டத்தில் அவன் பென்சிலால் பீசா என்று எழுதுவான். அவள் சிவப்பு மையால் அதை அடித்துச் சுழிப்பாள். அடித்த சொல்லை அப்படியே விட வேண்டுமென்றால் அதன் அடியில் புள்ளி வைப்பது மெய்ப்புக்காரர்கள் வழக்கம். 'இருக்கட்டும்' என்று பொருள். அதை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டானோ, மறுநாள் காலையில் அடித்த பீசாவுக்கு அடியில் மூன்று புள்ளி இருக்கும். அவள் புள்ளியை அடிப்பாள். அவன் அடித்த புள்ளிக்கு அடியில் புள்ளி வைப்பான். ஒரு மாதத்தில் அந்தக் கட்டம் கிழிந்துபோகிற அளவுக்கு வந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். "இத்தாலி போகணும்னு எவ்வளவு ஆசை!" என்றார்கள். யாருக்கு ஆசை, எந்த ஊருக்கு ஆசை என்று தெரியாதவர்கள். அவளுக்கு ஒவ்வொரு உச்சுக்கும் ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. ஆசை இல்லை அது, சண்டை. பாதியில் நிற்கிற சண்டை. பேசி முடிவு பண்ணலாம் என்று சொன்ன மனுஷன் பேசாமல் போய்விட்டான். அவன்மேலும் அவளுக்குக் கோபம்தான்.

மூன்றாம் நாள் அவன் அக்கா அந்தத் தாளைக் கிழிக்காமல் உரித்து, மடித்து, அலமாரி இழுப்பறையில் வைத்தாள். "கண்ணுல படக் கூடாதும்மா" என்றாள். அவள் எடுத்து மறுபடி ஒட்டினாள், இந்தத் தடவை நாலு மூலைக்கும் காந்தம் வைத்து.

அக்கா அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. தகனம் முடிந்த அன்றைக்கே லிஃப்ட் கம்பெனி மேலாளர் வந்து, வாசலில் நின்றபடி, எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "பாவம், போன்ல பேசிக்கிட்டே இருந்தாராம். அதுலதான் கவனம் தப்பிடுச்சு." யாரோடு பேசினான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அன்றிலிருந்து அக்கா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காபியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒன்பது நாள். ஒரு டீ நேரத்தில், ஜன்னல் சீட்டைப் பீற்றிக்கொள்ள, தானே கூப்பிட்டு, வைத்த கையோடு அவன் கவனம் தப்பி விழும்படி செய்து கொன்றுவிட்டோம் என்று அவள் ஒன்பது நாள் நம்பினாள். அந்த அழைப்பு எப்போது முடிந்தது என்று போனை எடுத்துப் பார்க்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு உறை வந்தது. விபத்து அறிக்கை, நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில், 'மேற்கண்டவை எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"போட்டுக் குடுத்துடும்மா," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து. "இனிமே தோண்டி என்ன ஆகப்போகுது?"

மூன்றாம் பக்கத்தில் இருந்தது அது. 'இறந்தவர் முற்பகல் 11.10 மணியளவில், லிஃப்ட் கூண்டின் கூரைமீது நின்று பணிபுரிந்த நேரத்தில், தனிப்பட்ட சுற்றுலா குறித்துத் தம் மனைவியுடன் கைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தார். அப்போது "பின்னாடி யாரோ, பின்னாடி யாரோ" என்று அச்சத்துடன் கூச்சலிட்டதை உடன் பணியாளர் கேட்டுள்ளார். இல்லாத ஒருவரை இருப்பதாக எண்ணித் திரும்பியதில் நிலைதவறி விழுந்துள்ளார்.'

முதல் தடவை படித்தபோது அவளுக்கு முதுகு சில்லிட்டது. யார் பின்னாடி? இரண்டாம் தடவை, தொழில் பழக்கத்தில், விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். உதடு தானாக அசைந்தது. பின்னாடி யாரோ. பின்னா டியாரோ. பினாரியோ.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

பதில் சொல்லாமல் போனை எடுத்தாள். பதினொன்று பத்து, நாலு நிமிஷம், ஆறு விநாடி. அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். விபத்து நேரம்: முற்பகல் 11.45. எழுதினவனே எழுதியிருக்கிறான். முதல் பக்கத்தில் எழுதினது மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது மறந்துவிட்டது. இப்படி ஒரு தப்பை ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் விட்டிருந்தால் அவளுக்கு அச்சகத்தில் சீட்டுக் கிழிந்திருக்கும்.

அழுகை வரவில்லை. அறிக்கையை உறைக்குள் திணித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

*

மேலாளர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். மேசையில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். அதைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க மேடம். நீங்களே வரணுமா? ஆள் அனுப்பியிருப்பேனே. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, அது வந்துட்டா ஃபைல் தானா நகரும்."

"திருத்தம் இருக்கு."

"திருத்தமா?" சிரித்தார். "இது அறிக்கை மேடம், பாடப்புத்தகம் இல்லே."

"பாடப்புத்தகத்துல தப்பு விட்டா பிள்ளைங்க தப்பாப் படிக்கும். இதுல விட்டா என் புருஷனைத் தப்பாப் படிப்பாங்க. அவரோட அன்னைக்கு வேலை பார்த்தவரைக் கூப்பிடுங்க."

"அவர் சைட்ல..."

"வெளியில நிக்கிறார். வரும்போதே பார்த்தேன்."

உள்ளே வந்தவரை அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவனுக்கு ஜோடி ஆள், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பெனியில் எல்லாரும் அவரை முக்கால் என்பார்கள். எந்த வாக்கியத்தையும் முழுசாக முடிக்க மாட்டார், கடைசிக் கால் பங்கை விழுங்கிவிடுவார். மிச்சத்தை அவன்தான் எப்போதும் முடித்துவைப்பான். வீட்டுக்கு வந்தால், "தங்கச்சி, கொஞ்சம் தண்..." என்பார், "ணி குடு" என்று அவன் சேர்ப்பான்.

இன்றைக்கு முக்கால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"உட்காருங்கண்ணே. அன்னைக்கு அவர் என்ன கத்தினார்?"

"அது தங்கச்சி, பின்னா..."

"ம்?"

"பின்னா... ஏதோ அப்படித்தான். சார் கேட்டார், நான்..."

"நீங்க பாதி சொன்னீங்க, சார் மீதியைப் போட்டு முடிச்சுக்கிட்டார். அப்படித்தானே?"

மேலாளர் பேனாவை மூடினார். "மேடம், சாட்சி சொன்னதைத்தான் நாங்க..."

"உங்களைக் கேட்கலே. அண்ணே, என்னைப் பாருங்க. இப்படியா கத்தினார்?"

எழுந்து நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவன் கத்தின மாதிரியே, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பினாரியோ! பினாரியோ நம்பர் நாலு!"

வெளியே அத்தனை தலையும் திரும்பியது. டம்ளர் மூடி உருண்டு கீழே விழுந்தது. முக்கால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இதுதான் தங்கச்சி. இதே... இதே மாதிரி..."

"பயந்த மாதிரி இருந்துதா?"

"இல்லே."

"எப்படி இருந்துது?"

"சிரிச்சுக்கிட்டே... ஆமா, சிரிச்சுக்கிட்டே கத்தினான்."

"எங்க இருந்து?"

"படியில இருந்து. நான் ஏழாவது மாடியில கேபிள்..."

"இழுத்துக்கிட்டு இருந்தீங்க. சரி. அப்புறம் என்ன பண்ணினார்?"

"பன்னைத் தின்னு முடிச்சான். போனைப் பையில போட்டு, மோட்டார் ரூம் ஆணியில மாட்டினான். எப்பவும் அப்படித்தான், லிஃப்ட் குழிக்குள்ள போனே கொண்டு போக..."

"இது என்ன பாஷை மேடம்?" என்றார் மேலாளர், குரலைத் தணித்து.

"இத்தாலி பாஷை. பிளாட்பாரம்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் எட்டு நாள் ஊர் சுத்தப் போறதா இருந்தோம். அதைப் படியில உட்கார்ந்து பேசினோம். அரை மணி நேரம் கழிச்சு நடந்ததுக்கு என் போனை ஏன் முடிச்சுப் போட்டீங்க?"

"உங்க மனநிலை எனக்குப் புரியுது..."

"புரிய வேண்டாம். பதில் சொல்லுங்க. கூண்டு நகராம அவர் விழுந்திருக்க மாட்டார். மேல ஆள் நிக்கும்போது அது எப்படி நகர்ந்துது? நாலு பக்கத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்லையே, ஏன்? அவர் மெயின் சுவிட்சை அணைக்காம இறங்கினாரா?"

"அணைச்சான்," என்றார் முக்கால், யாரும் கேட்காமலே. "நான் பார்த்தேன். ஆள் வேலை செய்றார்னு போர்டும்..."

நிறுத்தினார்.

"மாட்டினார்," என்றாள் அவள். "அப்புறம்? இன்னைக்கு ஒரு நாளாவது முழுசாப் பேசுங்கண்ணே. இனிமே முடிச்சுவைக்க அவர் இல்லே."

முக்கால் மேலாளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். ஓய்வுபெற அவருக்கு இரண்டு வருஷம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"சுவிட்சுக்குப் பூட்டுப் போடணும்," என்றார். "பூட்டு இருந்தா வேற யாரும் போட முடியாது. ரெண்டு சைட்டுக்கு ஒரே பூட்டுதான். அன்னைக்கு அது வேற சைட்டுக்குப் போயிருந்துது. கேட்டோம். போர்டு போதும்னு சொன்னாங்க. மேல் வீட்டுக்காரங்க கத்துறாங்கன்னு காவலாளி வந்து போர்டை நகர்த்திட்டு சுவிட்சைப் போட்டுட்டான். பூட்டு இல்லே தங்கச்சி."

அத்தனை வாக்கியத்தை அவர் ஒரேயடியாக முடித்து அவளும் கேட்டதில்லை, அந்த ஆபீஸும் கேட்டதில்லை.

"போதும்னு சொன்னது யாரு?" என்று அவள் கேட்கவில்லை. மேலாளர் டம்ளர் மூடியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். தேவைக்கு அதிகமான நேரம் தேடினார்.

"மேடம்," என்று நிமிர்ந்தார், "நீங்க இதைப் பெரிசாக்கினா இழுத்துக்கிட்டே போகும். வருஷக்கணக்காகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நினைத்து அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவள் மூன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அடித்தாள். ஓரத்தில், 'ஆதாரம் இல்லை. பக்கம் ஒன்றோடு முரண். பூட்டு எங்கே?' என்று எழுதினாள். பிறகு நாலு பக்கத்தையும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"அது எங்க காப்பி மேடம்."

"திருத்தின பிரதி திருத்தினவகிட்டதான் இருக்கும்."

*

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "போட்டுட்டியா?"

"போடலே."

"ஏம்மா இப்படிப் பண்றே? செத்தவன் திரும்பி வரவா போறான்? அந்த இத்தாலிப் பைத்தியம் பிடிச்சதுலேர்ந்து..."

"அண்ணி!" இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சொல்லை இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. "பேய்க்குப் பயந்து தடுமாறி விழுந்தான்னு எழுதியிருக்காங்க உங்க தம்பியை. சுவிட்சை அணைச்சு, போர்டு மாட்டி, போனை ஆணியில தொங்கவிட்டுட்டு இறங்கின மனுஷனை. பூட்டு வாங்கித் தர வக்கில்லாதவங்க, ஆளு கோணல்னு எழுதியிருக்காங்க. அதுக்கு நான் உண்மைன்னு கையெழுத்துப் போடணுமா?"

எல்லாவற்றையும் சொன்னாள். பன், படிக்கட்டு, பதினொன்று பதினாலு, பூட்டு. அக்கா அப்படியே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அவனா கோணல்?" என்றாள். "கழட்டின செருப்பைக்கூட ஜோடி சேர்த்து நேரா வைப்பானே. நாசமாப் போறவங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுன்னு இப்ப சொல்ல மாட்டேன், சொன்னா அழுதுடுவேன். எந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்கணும்? நானும் வரேன்."

தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டு பேரும் மரப்பெஞ்சில் ஒரு முழுக் காலை உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் தன் கைப்பட எழுதின ஒரு தாளோடு பதினொரு மணிக்கு வந்தார். கோணல்மாணலான கையெழுத்து, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவு இருந்தது. குமாஸ்தா எல்லாவற்றையும் வாங்கி முத்திரை குத்தி, நாள்காட்டியைப் புரட்டினார்.

"விசாரணை அடுத்த மாசம் பதினாறாம் தேதி. காலைல பத்து மணி. நீங்க நேர்ல ஆஜராகணும். வரலேன்னா அவங்க சொல்றதுதான் நிக்கும்."

"பதினாறா?"

"ஏன், வெளியூர் போறீங்களா?"

பதினாறு என்றால் பயணத்தில் ஐந்தாம் நாள். ஃப்ளாரன்ஸில் இரண்டாவது காலை. பீசாவுக்கு அவன் குறி வைத்திருந்த அதே அரை நாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது, பீசா கிடையாது. இப்படியா ஜெயிக்கணும்? எதிராளி இல்லாத ஜெயிப்பை யாரிடம் பீற்றிக்கொள்வது?

"போகலே," என்றாள். "வர்றேன்னு எழுதிக்குங்க."

மறுநாள் மத்தியானம், அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், அவள் பயண முன்பதிவுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். விமானத்துக்காரன் இரக்கமாக எழுதி ஒன்றும் செய்யவில்லை. ரயில்காரன் தேதி மாற்ற முடியாது என்றான். ரோமிலும் வெனிஸிலும் ஒரு பொத்தானை அமுக்கியதும் அறைகள் காணாமல் போயின. அந்தச் சுலபம் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ஃப்ளாரன்ஸ் அறைக்குப் பொத்தான் இல்லை. யாரோ ஒரு அம்மாள் தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறாள் போலிருக்கிறது. அவன் எங்கே தேடிப் பிடித்தானோ, அவன் பொறுப்பு என்பதால் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்கு நேராகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தாள். கடைசியில் ரத்து என்ற சொல் கையில் வராமல், என் கணவர் வேலை பார்த்த இடத்தில் இறந்துவிட்டார், அதற்காக எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அது முடிந்தபிறகு வரலாமா, எப்போது முடியும் என்று தெரியாது, ஒரு ஆள்தான், என்று கோபம் குறையாமல் எழுதி அனுப்பினாள்.

அடுத்த கட்டு மெய்ப்பு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும் என்றிருந்தாள். கீழே, முன்பதிவு செய்தபோது அவனுக்கும் அனுப்பியிருந்த அதே தகவல், மாற்றமில்லாமல்: காலை எட்டு மணியிலிருந்து வெந்நீர். சாவி பக்கத்துக் கடையில். அறை மூன்றாவது மாடியில், கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.